செய்தித் தேர்வுக்குப் பொறுப்பு: புதுவை, கடலூர் வட்டாரத்தில் ஒரு பெண் ஆசிரியர் உருவாகும் வழி

நாளிதழின் கடைசிப் பக்கத்தில், விளம்பரங்களுக்கும் கீழே, கண்ணில் படாத அளவுக்குச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். இதழ் யாருக்காக, யாரால், எந்த அச்சகத்தில் அச்சிடப்பட்டது, ஆசிரியர் யார் என்பதை அந்த வரி சொல்லும். வாசகர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. வழக்கறிஞர்கள் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். நாளிதழில் வெளியாகும் விஷயங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவரே ஆசிரியர் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் வரையறுத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் மாறினாலும், ஓர் ஆசிரியரின் தொழில்வாழ்க்கையை அளப்பதற்குப் பழைய வரையறை இன்றும் நல்ல அளவுகோல்தான்: அவர் எத்தனை ஆண்டுகள் பணியாற்றினார், என்னென்ன பதவிப் பெயர்களைத் தாங்கினார் என்பதைவிட, எப்போது முதல் எதைத் தேர்ந்தெடுக்க அவரால் முடிந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

புதுச்சேரியிலோ கடலூரிலோ இதழியலுக்குள் நுழையும் ஒரு பெண் அந்தத் தேர்வு அதிகாரத்தை எந்த வழியாக அடைகிறார், அச்சிலிருந்து இணையத்துக்கு மாறியபோது அந்த வழி எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சு இதழ்களில் பெண்களை மேலே வரவிடாமல் வைத்திருந்ததில், அவர்களுடைய திறமை குறித்த ஐயத்தைவிட இரவுப் பணியின் அமைப்புக்கே பங்கு அதிகம். இணையம் அந்த அமைப்பைத் தளர்த்தியது. ஆனால் பெண்கள் ஆசிரியர் நாற்காலியை நெருங்கிய அதே ஆண்டுகளில், எது செய்தி என்று தீர்மானிக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு அந்த நாற்காலியை விட்டு வெளியே போய்விட்டது.

பொறுப்பேற்கும் பெயர் ஒன்று, வேலை செய்யும் கை மற்றொன்று என்பது இந்த மண்ணின் இதழியலுக்குப் பழகிப்போன ஏற்பாடுதான். 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழின் மீது ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தபோது, சட்டப்படி பதிவாகியிருந்த எம். சீனிவாசன் சிறைக்குப் போனார். இதழின் உயிராக இருந்த பாரதி புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, 1910 வரை இங்கிருந்தே அதை நடத்தினார். பிரெஞ்சு அரசின் 1881ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் அதன் குடியேற்றப் பகுதிகளுக்கும் பொருந்தியதால், முன் அனுமதியோ காப்புத்தொகையோ இல்லாமல் இங்கே இதழ் நடத்த முடிந்தது. இருந்தும் அந்தச் சட்டம்கூட ஒவ்வோர் இதழுக்கும் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரைக் கேட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1918 நவம்பரில், பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார் பாரதி. இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தூரம், அன்று ஓர் இதழாசிரியருக்குச் சுதந்திரத்துக்கும் சிறைக்கும் இடைப்பட்ட தூரமாக இருந்தது.

அதே பாரதி, புதுவைக்கு வருமுன், 1905இல் சென்னையில் தொடங்கப்பட்ட ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். பெண்களுக்கான இதழை ஆண்கள் நடத்துவது அக்காலத்தின் இயல்பு. நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’யை 1925இல் வை. மு. கோதைநாயகி அம்மாள் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகுதான், ஒரு பெண் நீண்ட காலம் ஆசிரியராக நின்று இதழ் நடத்துவது தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமாயிற்று. அவர் ஆசிரியரானதற்கு ஒரு காரணம், இதழ் அவருடையது என்பதே. இந்தக் காரணத்தைக் கடந்துபோக வேண்டாம். பின்வந்த பல பெயர்களிலும் இது தொடர்கிறது. கல்கி வார இதழின் ஆசிரியராக இருந்த சீதா ரவி, கல்கி கிருஷ்ணமூர்த்தியின் பேத்தி. 2015இல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் முதல் பெண் ஆசிரியரான மாலினி பார்த்தசாரதி, அந்நாளிதழை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர்களுடைய எழுத்தாற்றலையோ உழைப்பையோ குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. உடைமையின் வழியாக வருபவருக்குச் சில படிகளை ஏற வேண்டிய அவசியம் நேர்வதில்லை. அந்தப் படிகளில்தான் மற்ற பெண்கள் நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்பதை அறிய, மாவட்டப் பதிப்பு ஒன்று எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய தமிழ் நாளிதழ்கள் பலவும் இந்த வட்டாரத்துக்கெனத் தனிப் பதிப்பு வெளியிடுகின்றன. கடலூர் மாவட்டத்தின் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம், திட்டக்குடி, பண்ருட்டி போன்ற ஊர்களில் இருக்கும் பகுதிநேர நிருபர்கள் மாலையில் செய்தி அனுப்பத் தொடங்குவார்கள். இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; அச்சான வரிகளுக்கோ செய்திகளுக்கோ ஏற்பச் சிறு தொகை, அத்துடன் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அவர்கள் அனுப்பும் செய்தியில் வட்டாட்சியரின் பெயர் ஓர் இடத்தில் ஒருவிதமாகவும் மற்றோர் இடத்தில் வேறுவிதமாகவும் இருக்கலாம். கட்சிக்காரர் ஒருவரின் வேண்டுகோள் செய்தியின் வேடத்தில் வரலாம். செய்திகளைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பும் பிரிவான டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர் அதைச் சரிபார்த்து, சுருக்கி, தலைப்பிட்டு, பக்கம் அமைப்பவரிடம் தருவார். தொலைதூர ஊர்களுக்கான பக்கங்கள் முன்னிரவில் முடியும். அவற்றை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்ட பிறகும் நகரப் பதிப்புக்கான முதல் பக்கம் திறந்தே இருக்கும். நள்ளிரவை ஒட்டி வரும் விபத்து, கைது, மரணம், மழை எச்சரிக்கை ஆகியவற்றில் எதை உள்ளே எடுப்பது, எதை இறக்கிவைப்பது என்ற முடிவு அந்த நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. சட்டம் சொன்ன ‘தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாடு’ நடைமுறையில் குடியிருந்த இடம், இரவு பத்து மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடைப்பட்ட அந்த மேசை.

அந்த மேசையில் சில ஆண்டுகள் இருந்தவரே தலைமை உதவி ஆசிரியராகி, செய்தி ஆசிரியராகி, பதிப்பின் பொறுப்பாசிரியராவார். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாவிட்டாலும் பதவி உயர்வின் தர்க்கம் இப்படித்தான் இயங்கியது. இரவு ஒன்றரை மணிக்குப் பக்கம் முடித்துவிட்டு, புதுச்சேரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் திருப்பாதிரிப்புலியூருக்கோ வில்லியனூருக்கோ எப்படி வீடு திரும்புவார் என்ற கேள்விக்கு நிர்வாகம் விடை தேடியிருக்க வேண்டும். ஒரு வாகன ஏற்பாடு போதும். பெரும்பாலான இடங்களில் அதைத் தேடுவதைவிட எளிய வழி ஒன்று கையாளப்பட்டது: பெண்களைப் பகல் வேலைக்கு வைத்துக்கொள்வது. பகல் வேலை என்றால் வார இணைப்பிதழ், பெண்கள் மலர், சிறுவர் பக்கம், கல்விப் பக்கம், ஆன்மிகம், பிழை திருத்தம், செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளின் மொழிபெயர்ப்பு. இவை சிறிய வேலைகள் அல்ல. இணைப்பிதழ் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்திய ஒருவருக்கு எழுத்தாளர்களைக் கையாளவும், படமும் எழுத்தும் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கவும், வாசகர் கடிதத்திலிருந்து அடுத்த கட்டுரையைக் கண்டெடுக்கவும் தெரிந்திருக்கும். ஆனால் காவல் நிலையம், ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கட்சி அலுவலகம் ஆகிய இடங்களின் செய்தி அவர் கையில் வந்திருக்காது. பொறுப்பாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், “அரசியலும் கிரைமும் பார்த்ததில்லையே” என்ற ஒரே வாக்கியம் அவரை ஒதுக்கிவிடப் போதுமானதாக இருந்தது. பார்க்கவிடாமல் வைத்ததையே பார்க்காத குறையாகச் சொல்லும் இந்த வாதம் எவ்வளவு இயல்பாக ஒலிக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு.

இந்த வட்டாரத்தில் அந்தக் குறை இன்னும் கூடுதலாகத் தாக்கும். ஒரே டெஸ்க்கில் இரண்டு அரசுகளின் செய்தி வருகிறது. ஒருபக்கம் புதுச்சேரியின் சட்டப்பேரவை, துணைநிலை ஆளுநர் மாளிகை, முதலமைச்சர் அலுவலகம், ஜிப்மர் மருத்துவமனை. மறுபக்கம் தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாகம், நெய்வேலி என்.எல்.சி. நிலக்கரி நிறுவனம், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை, முதுநகர் மீனவர் கிராமங்கள், பண்ருட்டியின் பலாவும் முந்திரியும். பாகூர் பக்கம் போனால், புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லை வயலுக்கு வயல் மாறும். கன்னியக்கோவிலைத் தாண்டிப் போகும் மதுபாட்டில் ஒருபுறம் வியாபாரம், மறுபுறம் குற்றம். எந்தக் காவல் நிலைய எல்லை, எந்த நீதிமன்றம், எந்த அமைச்சர் பொறுப்பு என்பதெல்லாம் தலைப்பு எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவு புத்தகத்தில் கிடைப்பதில்லை. செய்தி மேசையில் உட்கார்ந்து, தவறிய ஊர்ப்பெயருக்காக மறுநாள் காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளை வாங்கிக்கொண்டே சேர்ப்பது.

ஆசிரியர் வேலையின் கனம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கு, ஒரு தாலுகா நிருபரிடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயரை மட்டுமன்றி முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. நிருபர் பெயரை நீக்கிவிட்டுத்தான் அனுப்பியிருப்பார். ஆனால் “இன்ன கிராமத்தைச் சேர்ந்த மீனவரின் மகள், இன்ன வகுப்பு மாணவி” என்று எழுதியிருப்பார். சென்னை வாசகருக்கு அதில் அடையாளம் ஏதுமில்லை. இருநூறு வீடுகள் உள்ள கடற்கரைக் கிராமத்தில் அது பெயரை அச்சிட்டதற்குச் சமம். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராக இருந்தால் அவருடைய பெயரே குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த இடத்தில் எவ்வளவு வெட்டுவது, வெட்டிய பிறகும் செய்தி செய்தியாக நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவருக்கு, சட்டப் பிரிவின் எண்ணைவிட அந்த ஊரின் அளவு தெரிந்திருக்க வேண்டும். பெண் என்பதாலேயே ஒருவருக்கு இந்த நிதானம் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். குற்றச் செய்தியை ஆண்கள் மட்டுமே கையாண்ட டெஸ்க்குகளில் இந்தக் கேள்விகள் எழுவது குறைவாக இருந்தது என்று மட்டும் சொல்வேன். பழைய தலைப்புகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் இதை மறுப்பது கடினம்.

இணையப் பதிப்புகள் தொண்ணூறுகளிலேயே தொடங்கிவிட்டாலும், நீண்ட காலம் அவை அச்சில் வந்ததை அப்படியே ஏற்றிவைக்கும் இடமாகவே இருந்தன. அந்த ஏற்றும் வேலை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தரப்பட்டது. மதிப்பில்லாத வேலை என்று கருதப்பட்டதே காரணம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, கைப்பேசியில் தரவின் விலை சரிந்த பிறகு நிலைமை தலைகீழானது. முதல் பக்கத்துக்காகக் காத்திருந்த செய்தி, நிகழ்ந்த சில நிமிடங்களில் கைப்பேசித் திரைக்குப் போக வேண்டியதாயிற்று. காலை, மதியம், இரவு என மூன்று ஷிப்டுகள் வந்தன. நள்ளிரவு மேசை மட்டுமே வைத்திருந்த முடிவெடுக்கும் வேலை நாள் முழுவதற்கும் பரவியது. காலை ஷிப்டில் இருந்த ஒரு பெண், காலையில் நடந்த பெரிய நிகழ்வுக்குத் தானே தலைப்பிட்டு, தானே அலெர்ட் அனுப்பி, அன்றைய செய்தியின் போக்கைத் தீர்மானிக்க முடிந்தது. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு, இந்த வேலையை வீட்டிலிருந்தும் செய்யலாம் என்று காட்டியது. சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்க வீட்டில் அனுமதி கிடைக்காத ஒரு புதுவைப் பெண்ணுக்கு, அதனால் முதன்முறையாகத் தலைமை அலுவலக டெஸ்க்கில் இடம் கிடைக்கும் வாய்ப்பு உருவானது.

உடைமைக் குடும்பத்தில் பிறக்காமல், படிப்படியாக ஏறவும் காத்திராமல், தானே ஒரு தளத்தைத் தொடங்கி ஆசிரியராவது என்ற மூன்றாவது வழியையும் இணையமே திறந்தது. தன்யா ராஜேந்திரன், சித்ரா சுப்ரமணியம், விக்னேஷ் வேலூர் ஆகியோர் 2014இல் தொடங்கிய ‘தி நியூஸ் மினிட்’ இதற்குத் தென்னிந்தியாவில் எல்லோரும் அறிந்த உதாரணம். தொலைக்காட்சியில் செய்தியாளராகப் பணியாற்றிய தன்யா அதன் முதன்மை ஆசிரியரானார். இணையச் செய்தி நிறுவனங்கள் 2020இல் அமைத்துக்கொண்ட டிஜிபப் கூட்டமைப்பின் தலைவராகவும் ஆனார். அச்சகம், காகிதம், விற்பனை ஏஜெண்டுகள் எல்லாம் தேவைப்படும் அச்சு நாளிதழில் இத்தகைய பயணத்தைக் கற்பனை செய்வது கடினம்.

இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். அச்சு டெஸ்க்கில் ஆசிரியரின் தேர்வுக்கு வரம்பாக இருந்தவை பக்கத்தின் இடமும் விளம்பரமும் முதலாளியின் விருப்பமும். இணைய டெஸ்க்கில் இவற்றோடு சுவரில் ஒரு திரையும் சேர்ந்துகொண்டது. எந்தச் செய்தியை இந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் கூகுள் தானாகச் செய்திகளைப் பரிந்துரைக்கும் டிஸ்கவரில் ஏறிய செய்தி லட்சங்களைத் தொடும். ஏறாதது சில நூறுகளில் நின்றுவிடும். ஏன் ஏறியது என்பதற்கு டெஸ்க்கில் யாரிடமும் உறுதியான விளக்கம் இருக்காது. வாசகர் முன் எது வைக்கப்பட வேண்டும் என்ற முடிவின் பாதி இப்போது ஆசிரியரைச் சாராத ஒரு கணக்கீட்டிடம் இருக்கிறது.

மாவட்டச் செய்தி அடிவாங்குவது இங்கேதான். குறிஞ்சிப்பாடி அருகே ஒரு கிராமத்துக்குச் சாலை போடாத செய்தி, அச்சில் அந்தப் பகுதியின் பிரதிகளை விற்றுக் கொடுத்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்காகவே இதழை வாங்கினார்கள். இணையத்தில் அதே செய்தி தமிழ்நாடு முழுவதும் உள்ள வாசகரின் கவனத்துக்காக ஒரு நடிகரின் திருமணத்தோடு போட்டியிட வேண்டும். விளம்பர வருவாய் பார்வைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றான பிறகு, பகுதிநேர நிருபரின் வரிக்கூலிகூடச் செலவுக் கணக்காகத் தெரியத் தொடங்குகிறது. வட்டாரத்தை நன்கறிந்த ஒரு பெண், பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு இணையப் பதிப்பின் ஆசிரியராக அமரும்போது, அவர் கையில் கடலூருக்கென ஒரு நிருபரும் புதுச்சேரிக்கென ஒருவரும் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். திரையைப் பார்த்துத் தலைப்பை மாற்றும் வேலை அவருடையது. திரையில் ஏறாத ஊர்களைத் தக்கவைக்கும் வேலையை அவருக்கு யாரும் தந்திருக்க மாட்டார்கள்.

இருந்தும், அச்சிலும் இணையத்திலும் பழகியவரின் அருமை புயல் நாட்களில் தெரியும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன; அச்சு இதழ் மறுநாள் சொன்னதே பல ஊர்களுக்கு முதல் செய்தி. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் கரையைக் கடந்தபோது நிலைமை நேரெதிர். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணையாறு கரைகளை மீறிக் கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது. இத்தகைய வேளையில் செய்திக்குப் பஞ்சமில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் பழைய வெள்ளக் காணொளிகளும், எங்கோ உடைந்த கரையின் படமும், அணை உடைந்தது என்ற புரளியும் கலந்தே வரும். அணையில் திறக்கப்படும் நீர் கடலூரை அடையப் பல மணி நேரம் ஆகும் என்பது தெரிந்தவருக்கு, எந்த எண்ணை எந்த நேரத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும், எந்த ஊர்ப்பெயரைத் தலைப்பில் வைக்க வேண்டும் என்பது தெரியும். நீர்வளத் துறை உறுதிப்படுத்தும்வரை ஒரு எண்ணை நிறுத்திவைப்பது திரையில் பார்வையைக் குறைக்கும். அதைத் துணிந்து நிறுத்துவதற்கு அச்சு மேசையின் பழக்கம் வேண்டியிருக்கிறது.

சட்டத்தின் நிலை இன்னும் சீராகவில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பதிவு செய்கிறது. இணையத்தில் மட்டும் இயங்கும் செய்தித் தளத்தின் ஆசிரியர் அதன் கீழ் வருவதில்லை. அவருக்கு 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார்களுக்குப் பதினைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிறிய தளங்களில் அந்த அலுவலரும் ஆசிரியரும் ஒருவராகவே இருப்பது வழக்கம். அவ்விதிகளின் சில பகுதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்தது.

சம்பளமும் வேலை நேரமும் தனிக் கதை. 1955ஆம் ஆண்டின் பணிபுரியும் பத்திரிகையாளர் சட்டம், நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. ஊதியக் குழுக்கள் அமைக்கவும் வழிசெய்தது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இவையெல்லாம் அச்சு நாளிதழ்களுக்கானவை. அச்சிலிருந்து இணையப் பிரிவுக்கு மாற்றப்படும் ஒருவர் வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தப் பணியாளராவது பரவலாக நடந்தது; பதவிப் பெயர் உயர்ந்தது, பணிப் பாதுகாப்பு குறைந்தது. பெண்கள் அதிகம் சேர்ந்த பிரிவே பாதுகாப்பு குறைந்த பிரிவாகவும் இருந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணிபுரியும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் மின்னணு ஊடகத்தாரும் டிஜிட்டல் ஊடகத்தாரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒப்பந்தக் கடிதங்களில் அது என்ன மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட முடியும்.

பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. அதைவிடச் சிறிய இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். மூன்று பேர் மட்டும் இருக்கும் மாவட்ட அலுவலகத்தில் ஒரு பெண் நிருபருக்குத் தொல்லை நேர்ந்தால், அவருடைய புகார் சென்னையில் உள்ள நிறுவனத்தின் குழுவிடம் போக நேரலாம். பகுதிநேர நிருபர்கள் பலருக்கு அப்படி ஒரு குழு இருப்பதே தெரிவிக்கப்படுவதில்லை.

அண்மைக் காலத்தில் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் யூடியூப் அலைவரிசையாகவும் வாட்ஸ்அப் சேனலாகவும் உள்ளூர்ச் செய்தியைத் தருபவர்கள் பெருகியிருக்கிறார்கள்; அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். நிருபர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஆசிரியர் எல்லாம் ஒருவரே. எதை எடுப்பது என்ற முடிவு முழுக்க அவர் கையில் இருக்கிறது. அதைச் சரிபார்க்க இரண்டாவது கண் ஒன்று இல்லை என்பதே இதன் பலவீனம். ஆட்சியரின் செய்தியாளர் சந்திப்புக்குப் போனால், நுழைவாயிலில் கேட்கப்படுவது பத்திரிகையாளருக்கு அரசு தரும் அங்கீகார அட்டை. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அங்கீகார நெறிமுறைகள் இணையச் செய்தித் தளங்களையும் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டன. மாவட்ட அளவிலோ அட்டை பெறும் வழி இன்னும் அச்சு இதழ்களையும் தொலைக்காட்சிகளையும் மனத்தில் வைத்தே இயங்குகிறது. சிப்காட் கழிவு குறித்தோ மீன்பிடித் தடைக்கால நிவாரணம் குறித்தோ கேள்வி வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார முடியுமா என்பது, இப்போதைக்கு அன்றைய தினம் வாசலில் இருக்கும் அலுவலரைப் பொறுத்தே இருக்கிறது.